'வாங்கு' பொத்தானுக்கு மேலே இருந்த வரி

இணையக் கடைகளுக்கு எழுத வந்திருக்கும் நீங்கள் முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வீர்கள்: தடை. கடைப் பக்கத்துக்கு வந்தவருக்கும் 'வாங்கு' என்ற பொத்தானுக்கும் நடுவே நிற்கும் எதுவும் தடை. நீளமான பத்தி தடை. கேள்வி தடை. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை யோசனை. வந்தவர் யோசித்தால் போய்விடுவார், ஆகவே யோசிக்க விடாதே என்பார்கள். சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். பதினோரு வருடம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: அடுத்த முறை யாராவது அந்தச் சொல்லை உங்கள் முன் எடுத்தால், எதை எடுக்கச் சொல்கிறார், எடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று அங்கேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் துணையாசிரியராக இருந்தேன். செய்தி மேசையில் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவர்களில் நானும் ஒருத்தி. சொந்த ஊரான ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். கண்ணன் என்பவர் பேண்டேஜ் துணியை இணையத்தில் விற்க ஒரு சிறு கடை தொடங்கியிருந்தார். பக்கங்களை எழுத ஆள் தேடினார். சேர்ந்தேன்.

பேண்டேஜ் துணியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே தறியில் நெய்து, வெளுத்து, ரோலாகச் சுற்றுகிற துணி மூட்டை மூட்டையாக மருத்துவமனைகளுக்குப் போகும். அங்கே அதை அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அதன் பிறகுதான் அது புண்ணைத் தொடும். வெளுத்துச் சுற்றிய ரோல் பாலைப் போல வெள்ளையாக இருக்கும்; ஆனால் வெள்ளை என்பது நிறம் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயமே இல்லை. எங்களிடம் அப்போது வாங்கியவர்களுக்கும் தெரிந்திருந்தது: நீராவி வசதி வைத்திருக்கும் சிறு கிளினிக்குகள், மாட்டின் காலில் கட்டுக்கு மேல் சுற்ற வாங்கும் கால்நடை மருத்துவர்கள், கஷாயம் வடிகட்டுகிற நாட்டு மருந்துக்காரர்கள், பொம்மை செய்கிறவர்கள். இருந்தாலும் பக்கத்தில் 'வாங்கு' பொத்தானுக்கு நேர் மேலே ஓர் எச்சரிக்கை வரி எழுதி வைத்திருந்தேன். முறையான, கச்சிதமான வரி என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கடை மெதுவாகத்தான் ஓடியது. பக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கண்ணன் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார். அவரை நாங்கள் நேரில் பார்த்ததே கிடையாது. வாரம் ஒருமுறை திரையில் வருவார்.

முதல் வாரம் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி முளைத்தது: 'மிச்சம் 3 ரோல் மட்டுமே.' அதன் கீழே, 'இப்போது 7 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' பார்சல் பகுதியின் பொறுப்பில் இருந்தவர் மும்தாஜ். கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்த ரோல்களுக்கு நடுவே நின்று, போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஏக்கா, மூணுதான் இருக்காமே. அப்பம் காலைலருந்து முதுகு ஒடிய நான் எதைத் தூக்கி அடுக்கிக்கிட்டு இருக்கேன்?"

கண்ணன் சிரித்தார். "எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் போடுதான் மும்தாஜ். வாரவன் செத்த அவசரப்படணும்ல."

"பேண்டேஜ் வாங்க வாரவன் ஏற்கனவே அவசரத்துலதான வருவான் அண்ணே. நீங்க வேற எதுக்கு அவனைத் தள்ளணும்?"

இதைவிடச் சரியாக அந்த வரியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். வரி அப்படியே இருந்தது.

இரண்டாவது வாரம் ஆலோசகர் என் எச்சரிக்கை வரிக்கு வந்தார்.

"மேடம், உங்க வார்னிங் கிட்ட வந்ததும் ஆளுங்க கிளம்பிடறாங்க. எடுக்கச் சொல்லல. கீழ 'மேலும் விவரங்கள்'னு தொட்டா விரியற ஒரு மடிப்பு இருக்குல்ல, அதுக்குள்ள வெச்சிடுங்க. வேணுங்கறவங்க தொட்டுப் பாத்துக்குவாங்க."

நான் கண்ணனைப் பார்த்தேன். "ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானக்கா" என்றார் அவர். "பேண்டேஜ் துணிய அவிக்காம புண்ணுல வைப்பானா ஒருத்தன்?"

இங்கே நாளிதழைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செய்தியில் தவறு வந்தால் திருத்தம் போடுவோம். தவறு முதல் பக்கத்தில், நான்கு பத்தி அகலத் தலைப்போடு வந்திருக்கும். திருத்தம் ஒன்பதாம் பக்கத்தில் ஏல அறிவிப்புக்குக் கீழே, விரல் நகம் அளவு இடத்தில் வரும். 'போட்டாச்சா?' 'போட்டாச்சு.' அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பல வருடம் நானே செய்திருக்கிறேன். அதனால் ஆலோசகர் சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. கை பழகிய வேலை. வரியை மடிப்புக்குள் வைத்தேன்.

காலியான இடத்துக்கு ஒரு வரி கேட்டார். அதையும் நான்தான் எழுதினேன்: 'மருத்துவமனைகளுக்குச் செல்லும் அதே துணி, இப்போது உங்கள் வீட்டுக்கு.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். புண் உள்ள ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்று நான் ஒரு நிமிடம் நினைத்திருந்தால், அது பச்சைப் பொய் என்று தெரிந்திருக்கும்.

ஆர்டர்கள் கூடின. கண்ணன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மூன்று வாரம் அப்படிப் போனது.

புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. மும்தாஜ் பார்சல் சீட்டுகளின் நகல்களைக் கையில் விசிறி போலப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, முந்தியெல்லாம் பத்து ரோல், இருபது ரோல்னு கிளினிக்குக்குப் போகும். இப்பம் பாருங்க. ஒண்ணு, ரெண்டு. எல்லாம் வீட்டு விலாசம். ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல கஷாயம் வடிகட்ட ஆசை வந்துட்டா?"

ஆர்டர் போடுகிறவர் குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு. 'மாடிப்படி பக்கம் வைக்கவும்', 'நாய் இருக்கிறது' என்று எழுதுவார்கள். அது சீட்டிலும் அச்சாகும். மும்தாஜ் ஒரு சீட்டைத் தனியே எடுத்து நீட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசம். பெயர் கோமதி. குறிப்பு: 'விரல் எடுத்த புண். சீக்கிரம் அனுப்பவும்.'

புதன்கிழமை அனுப்பியிருந்தோம். வியாழக்கிழமை கிடைத்திருக்கும்.

இப்படி ஒரு சீட்டு கைக்கு வரும்போது எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் நீங்கள் யார் என்பது தெரியும். ஒருவர் முதலாளியிடம் ஓடுவார். ஒருவர் வரியைத் திருத்த உட்காருவார். நான் முதலில் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்தேன். அடுத்த ஆள் வாங்காமல் இருப்பது அந்த நிமிடம் என் கையில் இருந்த ஒரே விஷயம். கேட்டுவிட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னேன்.

"சனிக்கெழமையாக்கா!" என்றார் கண்ணன். "ஆர்டர் வார நாளு."

"ஆர்டர் வரும் அண்ணே. பொறவு ஆம்புலன்சும் வரும்" என்றார் மும்தாஜ்.

கண்ணன் ஆலோசகரை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"தகவல் பக்கத்துல இருக்கு மேடம். அவங்க தொட்டுப் பாக்கலைன்னா அது அவங்க சாய்ஸ். லீகலா நாம சேஃப். நீங்களா போன் பண்ணி பயமுறுத்தாதீங்க. ரிட்டர்ன் வந்து குவியும்."

தொட்டுப் பார்க்காதபடிதான் அதை அங்கே வைக்கச் சொன்னார். வைத்த பிறகு, பார்க்காதது அவர்கள் குற்றம் என்கிறார். எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. வெட்கமில்லாமல் இப்படிச் சொல்லக் கூடிய ஒரு தொழிலில்தான் நான் இருந்தேன், நீங்களும் சேர்ந்திருக்கிறீர்கள்.

"அப்பம் நாமளே போன் போட்டு நம்ம துணி ஆகாதுன்னு சொல்லணுமா?" என்று கண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

கெட்ட மனிதரில்லை அவர். "குடுங்க, எனக்கும் ஒரு கட்டு" என்று கையை நீட்டினார். வீட்டு விலாசச் சீட்டுகளை மூன்றாகப் பிரித்து அழைத்தோம். பலர் மேல்கட்டுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். ஒருவர் தயிரைத் தொங்கவிட வாங்கியிருந்தார். இன்னும் பிரிக்கவே இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு பெரியவர், "இதைச் சொல்ல ஒரு கடை கூப்பிடுதா!" என்று நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது.

கோமதியின் எண்ணை முதலில் அழைத்தேன், நடுவில் அழைத்தேன், கடைசியிலும் அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"திங்கக்கெழமை ஆள அனுப்பிப் பாப்போமா?" என்றார் கண்ணன்.

மும்தாஜ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ஏறுங்கக்கா."

பக்கத்து ஊர்தான். ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு பெருமாள் மலை உண்டு; அங்கே போகிற வேன்களும் நடந்து போகிறவர்களும் சாலையை அடைத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையவே நேரமானது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தோம். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வாசலுக்கு வந்தார்.

"யாரு வேணும்?"

"கோமதிதான தாயி? ராஜபாளையத்துலருந்து வாரோம். பேண்டேஜ் துணி அனுப்புனோம்ல, அந்தக் கடை" என்றார் மும்தாஜ்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள வாங்கக்கா. துணி அம்புட்டு அருமையா இருக்கு. வீட்டுக்கே வந்து கேப்பிகளா?"

வாடிக்கையாளர் கருத்துக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவர் கணவர் செல்வம் படுத்திருந்தார். வேன் ஓட்டுகிறவர். சர்க்கரை நோய். பத்து நாளுக்கு முன் வலது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். "புரட்டாசி பூரா வண்டி ஓடுற நேரம். நான் இங்க கெடந்து போறவன் வாரவனை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார் எங்களைப் பார்த்து. போன் சத்தத்தில் அவர் தூக்கம் கெடக் கூடாதென்று கோமதி அதை ஓசையில்லாமல் வைத்திருந்தார்.

தினமும் மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கூட்ட நாட்களில் ஆட்டோ கிடைப்பதில்லை. நர்ஸ் கட்டும் விதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து கோமதியே கட்டத் தொடங்கியிருக்கிறார். எங்கள் ரோலைச் சதுரம் சதுரமாக வெட்டி, கழுவித் துடைத்த எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு மடிப்புகூடப் பிசகாமல் அடுக்கியிருந்தார்.

"எத்தனை தடவை கட்டுனீங்க?"

"நாலு தடவை மேடம். ஏன்?"

நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மும்தாஜ் தேடவில்லை. "தாயி, இது அவிக்காத துணி. புண்ணுல நேரா வைக்கக் கூடாது. தப்பு எங்க மேலதான். இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க."

கோமதி டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அதே துணின்னு போட்டிருந்துச்சே?"

"அங்க போய் அதை அவிப்பாக."

"அதை ஏன் போடல?" குரல் உயர்ந்தது. "ராஜபாளையம்னு பாத்துத்தான வாங்குனேன்! பேண்டேஜ் துணிக்கு அந்த ஊரை நம்பாம வேற எந்த ஊரை நம்புவோம்? எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு நம்பர்கூடத் தேடுனேன். நம்பரே இல்ல."

எண் முன்பு இருந்தது. போன் பேசுகிறவர்கள் பேசிவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்று ஆலோசகர் அதையும் எடுக்கச் சொல்லியிருந்தார். அதை அந்த வீட்டில் நின்று என்னால் விளக்க முடியவில்லை.

"ஏட்டி, சண்டைய பொறவு போடு. கால் ரெண்டு நாளா கடுக்குது. உங்கிட்டச் சொல்லல" என்றார் செல்வம்.

மருத்துவமனையில் கட்டைப் பிரித்தார்கள். வீங்கியிருந்தது, நீர் கோத்திருந்தது. மருத்துவர் எங்கள் மூன்று பேரிடமும் பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது; இவருக்குச் சர்க்கரை அதிகம், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; சேர்த்துக்கொள்கிறோம்; இன்றே வந்தது நல்லது. எங்கள் துணிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பின்னால் இன்னொரு விரலையும் எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. பல மாதம் கழித்துத்தான் வண்டி எடுத்தார்.

அன்று அவரை உள்ளே வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆலோசகரைப் பற்றி, மடிப்பைப் பற்றி, மேலே இருந்த என் வரியை அவர் எப்படிக் கீழே தள்ளினார் என்பதைப் பற்றி, கோபமாக எல்லாவற்றையும் கோமதியிடம் சொன்னேன். நாங்கள் எழுதித்தான் வைத்திருந்தோம், அதை உங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள், நானும் உடந்தை என்றேன். ஒப்புக்கொள்வதில்கூட ஒரு நிம்மதி இருந்தது.

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மறைக்கல மேடம். அந்த 'மேலும் விவரங்கள்' தான? அதை நான் தொட்டுப் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"அவுக காலுக்கு வாங்குறேன். பாக்காம வாங்குவேனா? பூராத்தையும் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்."

போனை எடுத்தார். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது காட்டுவதற்காகப் படம் பிடித்து வைத்திருந்தார். விரல்களால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். "வாசிங்க."

வாசித்தேன். நான் எழுதியது: 'இத்துணி நெசவு நிலையில் வழங்கப்படுவதால், மருத்துவப் பயன்பாட்டிற்கு முன்னர் உரிய நுண்ணுயிர் நீக்க நடைமுறைகளுக்கு உட்படுத்தப்படுதல் அவசியம்.'

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் கோமதி.

"புண்ணுல நேரா வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? உட்படுத்தி, கிட்படுத்தி, எல்லாம் முடிச்சுத்தான் அனுப்புறாக போலன்னு நெனச்சேன். இம்புட்டுப் பெருசா எழுதியிருக்காகளே, பெரிய கம்பெனியாத்தான் இருக்கும்னு அதுக்குப் பொறவுதான் வாங்குனேன்."

கோமதி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இப்பம் ஒரு நிமிஷத்துல சொன்னீங்கள்ல, புண்ணுல நேரா வைக்கக் கூடாதுன்னு. அதை எழுத வேண்டியதுதான?"

அந்த வரியை ஆலோசகர் எழுதவில்லை. கண்ணன் எழுதவில்லை. பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் இருந்த நாட்களிலும் அது இதே வரிதான். அப்போது அதைப் படித்துவிட்டு வாங்கிப் போனவர்களுக்கு என்ன புரிந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்கள் எழுதிய இப்படிப்பட்ட வாக்கியங்களை உடைத்துச் சரிசெய்து சம்பளம் வாங்கியவள் நான்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் எழுதினேன். 'இது கிருமி நீக்கிய துணி இல்லை. புண்ணில் நேராக வைக்காதீர்கள்.' கீழே மும்தாஜின் எண். பக்கத்தை மறுபடி ஏற்றுவதற்கு முன் கோமதியிடம் காட்டினேன். ஒருமுறை படித்தார்.

"இது புரியுது" என்றார்.

அதற்குள் செவிலியர் கதவைத் திறந்து செல்வத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்களும் எழுந்தோம். கோமதி கையைக் காட்டி எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.